நூல் துண்டின் மறுமுனை

ஆஸ்பத்திரி லேப்பில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டை மெழுகில் புதைத்துக் கட்டையாக்க வேண்டும். கட்டையை மெஷினில் பூட்டி, ஒரு தலைமுடியை நீளவாக்கில் பத்துப் பதினைந்தாகப் பிளந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவலை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஒரு கண்ணாடி ஸ்லைடை நீருக்குள் சாய்த்து அலுங்காமல் அள்ள வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதுதான் அவள் வேலை.

அள்ளுகிற நேரத்தில் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பெருமூச்சு விட்டால் சீவல் மடிந்துவிடும். "அக்கா வீட்டுல இன்னைக்கு சமாதானம் போல. ஒண்ணுகூட மடங்கலையே" என்பார் எதிர் மேசைக்காரர். அவருக்கு எல்லாமே இடது கை. அதனால் அவர் பெயர் இடக்கை. அவருடைய மெஷின், தொட்டி, கத்தி டப்பா எல்லாம் மற்றவர்களுக்கு நேர்மாறாக அடுக்கப்பட்டிருக்கும்.

மெழுகக்கா சீவியது தப்பாகப் போனதாக ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வாயால் சொல்ல மாட்டாள். புதிதாக வந்தவர்கள் கட்டையைக் கோணலாகப் பூட்டினால், "தள்ளு" என்று தோளால் இடித்து நகர்த்துவாள். அந்த இடியில் தெரியும்.

ஆனால் லேப்பைத் தாண்டினால் அந்த வேலைக்கு என்ன பெயர் சொல்வதென்று யாருக்கும் தெரியாது. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. அவளுடைய சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், அதற்கு ஒரு பெயர் வைத்தார். அவர் பஸ் கண்டக்டர். ஓட்டை பஸ்ஸாக இருந்தாலும் ஜனம் சிரித்துக்கொண்டே இறங்கும், அப்படியொரு வாய். மகளின் கல்யாணத்தில் தன் சொந்தக்காரர்களிடம் இவளைக் காட்டி, "எங்க சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில கறிக்கடை வச்சிருக்காங்க. எலும்பில்லாமக் கிடைக்கும்" என்றார். பந்தலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எட்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் எதையாவது அரிந்துகொண்டிருக்கும்போது திடீரென்று அது ஞாபகம் வந்து கத்தி ஒரு கணம் நின்று போகும்.

அந்த சம்பந்திக்குத்தான் இந்த வருஷம் உடம்பு சரியில்லாமல் போயிற்று. சட்டை தொளதொளவென்று ஆனது. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் மூன்று கட்டிகள். ஊசி விட்டு ஒரு கட்டியின் ஓரத்திலிருந்து சதை எடுத்தார்கள். அது அவள் லேப்புக்கே வந்தது. புற்றுநோய்தான். ஆனால் அது கல்லீரலிலேயே பிறந்ததா, வேறெங்கோ பிறந்து இங்கே வந்து குடியேறியதா என்று தெரியவில்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், குடலுக்குள் விட்டுப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எங்கும் ஒன்றும் அகப்படவில்லை. சீவலுக்கு எட்டு விதமான சாயம் போட்டுப் பார்த்தும் பிடி கொடுக்கவில்லை.

லேப்பின் தலைவியான பெரிய மேடம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உறவு என்று தெரிந்ததால் பொறுமையாகச் சொன்னார்.

"வெளியில ஒரு லேப்புக்கு அனுப்பணும். அங்க ஜீனை அளந்து பார்ப்பாங்க. உடம்புல எல்லா செல்லுலயும் இருக்கறது ஒரே புத்தகம்தான். ஆனா லிவர் செல் சில பக்கத்தைத்தான் சத்தமாப் படிக்கும். குடல் செல் வேற பக்கத்தை. கேன்சரா மாறி, இடம் மாறி உக்காந்தாலும் பழைய வாசிப்பு முழுசாப் போறதில்ல. இருபது வருஷம் புகுந்த வீட்டுல இருந்தாலும், கோபம் வந்தா பிறந்த வீட்டுப் பேச்சு வந்துடும் பாருங்க, அந்த மாதிரி. எதெது எவ்வளவு சத்தமாக் கேக்குதுன்னு அளந்து, பிறந்த வீடு எதுன்னு சொல்லிடுவாங்க."

"அப்படிச் சொல்லிட்டா?"

"அதுக்கேத்த மருந்து. இப்ப எந்த மருந்துன்னே தெரியாம இருட்டுல கல்லெறியற மாதிரி இருக்கு. ஒண்ணு மட்டும் கவனம். இந்தத் துண்டுல பாதிதான் கட்டி. மீதிப் பாதி நல்ல லிவர். கட்டியை மட்டும் சுரண்டி அனுப்பணும். நல்லது கலந்துச்சுன்னா வீட்டுக்காரங்க சத்தத்துல வந்தவ பேச்சு கேக்காது."

மேடம் சாயம் போட்ட ஸ்லைடில் கட்டி இருக்கும் பாதியைக் கறுப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தார். ஒரு விரல்கடை நீளமுள்ள, நூல் போன்ற துண்டு. லேபிள் ஒட்டும் பக்கம் கட்டி. அடிப்பக்கம் நல்ல ஈரல்.

இந்த வேலைக்கு லேப்பில் மூன்று ஏற்பாடுகள் இருந்தன. ஒருத்தர் சீவினால் இன்னொருத்தர் சுரண்ட வேண்டும். சாயம் போடாத சீவல் கண்ணுக்கு வெறும் வெள்ளைப் புகையாகத்தான் தெரியும். எது கட்டி, எது ஈரல் என்று சொல்ல முடியாது. அதனால் மையிட்ட ஸ்லைடுக்கு மேல் அதை வைத்து, வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் சுரண்ட வேண்டும். கடைசிச் சீவலுக்குச் சாயம் போட்டு, சரியான இடத்தைத்தான் சுரண்டியிருக்கிறோமா என்று பார்த்த பிறகே பார்சலை மூட வேண்டும்.

திங்கட்கிழமை மெழுகக்கா ஏழரை மணிக்கே வேலைக்குப் போனாள். பதினோரு மணி பார்சலில் சேர்த்துவிட்டால் ஒரு வாரம் மிச்சமாகும் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். முந்தின நாள் சம்பந்தியின் மனைவி, சம்பந்தியம்மா, போனில், "எங்களுக்கு உங்களைவிட்டா அங்க யாரு இருக்கா" என்று அழுதிருந்தாள். எட்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. "நானே வெட்டி நானே அனுப்பறேன், கவலைப்படாதீங்க" என்றாள். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது உண்மை.

அவளுடைய மெஷின் பழுதாகி மூடி போட்டுக் கிடந்தது. இடக்கையின் மெஷினில் உட்கார்ந்தாள். சீவல்கள் நன்றாகவே வந்தன. தொட்டி இடது பக்கம் இருந்தது. சீவலை மிதக்கவிட எட்டியது, வலது கையால் அள்ள வசதிப்படவில்லை என்று எழுந்து சுற்றிப் போய் மறுபக்கம் நின்று அள்ளினாள். சுரண்டப் பத்து, சரிபார்க்க ஒன்று, ஆகப் பதினொன்றையும் மூச்சை அடக்கி, ஒரு மடிப்பு இல்லாமல் அள்ளினாள். லேபிள் பக்கத்தை எப்போதும் போலத் தன் பக்கமே பிடித்திருந்தாள். தான் நிற்கும் பக்கம்தான் மாறிவிட்டது என்பது தலையில் ஏறவில்லை. பதினொன்றிலும் துண்டு தலைகீழாக உட்கார்ந்தது.

பத்து ஸ்லைடைக் காய வைத்து, மை வட்டத்தின் மேல் வைத்து, பிளேடால் தானே சுரண்டினாள். மகள் இரண்டு தடவை போன் செய்தாள். கடைசிச் சீவலைச் சாயத்துக்கு அனுப்பிவிட்டு, அது வருவதற்குள் பார்சல்காரர் வந்துவிட்டதால் பெட்டியை மூடினாள். சரிபார்த்தவர் கையெழுத்து என்ற கட்டத்தை நிரப்ப இடக்கையைக் கூப்பிட்டாள். அவர் அப்போதுதான் வந்து சட்டைப்பையில் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டுப் போடுங்க" என்றாள், ஒப்புக்கு.

"நீங்க செஞ்சதை நான் பார்க்கறதா? நீங்க வேற, போங்கக்கா" என்று கையெழுத்திட்டார்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. கல்லீரல், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொருத்தம்.

மேடம் அந்தத் தாளைப் பழைய சாய முடிவுகளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கதவருகே வந்து, "இங்க வாங்க" என்றார். "எனக்கு இடிக்குது. லிவருக்குப் போட்ட சாயம் எதையும் இந்தக் கட்டி எடுக்கலை. ஆனா முடிவு இவ்வளவு அடிச்சுச் சொல்லுது. நீங்க சுரண்டினது வட்டத்துக்குள்ளதானே?"

"ஆமா மேடம்."

"கடைசி ஸ்லைடு பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

அது எப்படி வாயில் வந்தது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. பார்க்காமல் விட்டோம் என்ற நினைப்பே அந்த நேரத்தில் வரவில்லை. இருபத்தாறு வருஷமாக 'பார்த்தேன் மேடம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு, அதுவாகச் சொல்லிவிட்டது.

"நீங்க சொன்னா சரி" என்று மேடம் உள்ளே போனார்.

புற்றுநோய் டாக்டர், அடுத்த வாரம் வியாழக்கிழமை தொடை ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்கே மருந்தைச் செலுத்துவது என்று நாள் குறித்தார்.

அன்று சாயங்காலம் மெழுகக்கா மகள் வீட்டுக்குப் போனாள். சம்பந்தி உள்ளறையில் படுத்திருந்தார். சம்பந்தியம்மா அடுப்படியில் இவளை ஓரமாக இழுத்துக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"ஈரல்லயே வந்ததுன்னு சொல்றாங்களே. குடிக்கறவங்களுக்குத்தானே அங்க வரும்? நீங்க உள்ளே வேலை செய்யறவங்க. மறைக்காமச் சொல்லுங்க."

குடி மட்டுமே காரணம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சொட்டுக்கூடத் தொடாதவர்களின் கட்டைகளை எத்தனையோ சீவியிருக்கிறாள். சம்பந்தி குடிக்காதவர் என்பதும் ஊரறிந்தது. டிப்போவில் எல்லோரும் குடித்தாலும் இவர் ஒருத்தர்தான் நிதானமாக இருந்து மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவார். அதை அவர் பெருமையாகச் சொல்லாத நாள் கிடையாது. ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

"பெரும்பாலும்..." என்று இழுத்தாள். அவ்வளவுதான். டம்ளரைக் கழுவி வைத்தாள்.

அந்த இழுப்பில் ஒரு சுகம் இருந்தது. கடுகளவுதான். ஆனால் இருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது எல்லாம் மகள் போனில் சொல்லித் தெரிந்ததுதான். மாமியார் அவருடைய பழைய டிப்போப் பெட்டியைக் குடைந்திருக்கிறாள். சட்டைப்பைகளை முகர்ந்திருக்கிறாள். "முப்பத்தெட்டு வருஷம் என்னை ஏமாத்திருக்கீங்க" என்று அழுதிருக்கிறாள். மாப்பிள்ளை அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "குடிச்சவங்களையெல்லாம் வீட்டுல விட்டேன் விட்டேன்னு சொன்னாரே, விடறதுக்கு முன்னாடி அவரும் உக்காந்திருப்பாரு" என்று மனைவியிடம் சொன்னானாம். "மாமா இப்ப ஜோக்கே அடிக்கறதில்லம்மா" என்றாள் மகள். "சாப்பாடு வச்சா பேசாம சாப்பிடறாரு. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு."

அந்த வாரம் வியாழக்கிழமை, மருந்து செலுத்தும் நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மத்தியானம் சாயத் தட்டுகளை ஒழித்து அடுக்கும்போது அந்தக் கடைசி ஸ்லைடு கையில் வந்தது. எண்ணைப் பார்த்தாள். நம்முடையதுதானே என்று மையிட்ட ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மைக்ரோஸ்கோப்கூடத் தேவைப்படவில்லை. கட்டி கருநீலமாக இருக்கும், ஈரல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஒன்றில் நீலம் லேபிள் பக்கம். மற்றதில் நீலம் அடிப்பக்கம்.

அவள் சுரண்டி அனுப்பியது முழுவதும் நல்ல ஈரல். வந்தவளின் பேச்சைப் பதிவு செய்யச் சொன்னால், வீட்டுக்காரியின் பேச்சை மட்டும் பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். ஈரலைக் கொடுத்து இது எது என்று கேட்டால், ஈரல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்கள்?

சுற்றிப் பார்த்தாள். இடக்கை டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்லைடைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நான்கு நாள் அது பைக்குள்ளேயே இருந்தது. வீட்டில் அவள் புருஷன் பஸ் பாஸ் எடுக்கப் பைக்குள் கைவிட்டு, "இது என்ன கண்ணாடி? கையைக் கிழிச்சுக்கப் போற" என்றார். "லேப்புது. குடுக்கணும்" என்று பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய வேகத்தைப் பார்த்து அவர் மேலே கேட்கவில்லை. அந்த மனுஷரின் சுபாவம் அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று அவர் மேலும் ஒரு கோபம் வந்தது.

சொல்லாமல் சரிசெய்ய வழி உண்டா என்று பார்த்தாள். சுரண்டியது போதவில்லை, வேறு அனுப்பச் சொல்கிறார்கள் என்று மேடத்திடம் ஒரு கதை கட்டலாம். ஆனால் முடிவுதான் வந்துவிட்டதே. இடக்கையின் கையெழுத்து வேறு இருக்கிறது. சொன்னால் அவருடைய வேலைக்கும் உலை. அதனால்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தன்னையே நம்ப வைத்தாள். திங்கட்கிழமை காலையில் அதுவும் நிற்கவில்லை. இடக்கையைப் பார்த்தபோது அவருக்காகக் கவலைப்படவில்லை என்பது தெரிந்தது. மெழுகக்கா கை தவறியது என்று அவர் சொல்லப்போகும் அந்த ஒரு பேச்சுக்குத்தான் பயம். அதற்காக ஒரு மனுஷருடைய ஈரலுக்குள் தப்பான மருந்தை ஏற்ற விட்டுவிடுவோம் போலிருக்கிறதே என்றும் நினைத்தாள். அப்படியும் அன்றைக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் வரச் சொன்னாள். சம்பந்தி வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காது மடல்கூட மெலிந்திருந்தது. இவளைப் பார்த்ததும் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க சம்பந்தியம்மா. ஒண்ணு கேக்கணும். என்கிட்டேருந்து எடுத்த துண்டு உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமாங்க."

"அதுல தெரியுமா?"

"எதுங்க?"

"நான் குடிச்சேனா இல்லையான்னு. வெட்டிப் பார்த்தா தெரியும்ல? தெரிஞ்சா, இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. பையனும் நம்பலை." குரல் நிதானமாகத்தான் இருந்தது. "சாகறதைப் பத்தி ஒண்ணுமில்ல. கடைசி ஸ்டாப்னா இறங்கித்தான் ஆகணும். ஆனா டிக்கெட் எடுக்காம வந்தவன்னு பிடிச்சு இறக்கி விடற மாதிரி இருக்கு."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மடியில் இருந்த பைக்குள் கைக்குட்டைச் சுருள் தட்டுப்பட்டது. "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேடத்தின் மேசைமேல் இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை மேடம்."

"இன்னைக்கு செவ்வாய்."

"ஆமா மேடம்."

"அன்னைக்கு நான் கேட்டப்ப பார்த்தேன்னு சொன்னீங்க."

"பார்க்கலை மேடம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடம் போனை எடுத்துப் புற்றுநோய் டாக்டரிடம் வியாழக்கிழமை வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு, "கட்டையில இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். அதுதான் இப்போது கேள்வி. நூல் துண்டு, ஏற்கனவே எத்தனையோ தடவை சீவியாகிவிட்டது. தீர்ந்திருந்தால் மறுபடி ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டும். சம்பந்தி இருக்கும் நிலைமையில் ரத்தம் கசிந்தால் தாங்குவாரா என்று டாக்டரே யோசித்தார்.

"இடக்கை வெட்டட்டும். நீங்க கிட்ட நிக்க வேண்டாம்" என்றார் மேடம்.

அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கதவில் முகம் அளவுக்குக் கண்ணாடி உண்டு. இடக்கை கட்டையைப் பூட்டி மூன்று தடவை சரிபார்த்தார். கழுத்து வியர்த்திருந்தது. பையிலிருந்த ஸ்லைடு விஷயம் தெரிந்ததும் அவர் இவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நாலு நாள் என்கூட உக்காந்து டீ குடிச்சீங்களேக்கா?" இப்போது அவர் ஒவ்வொரு சீவலையும் அள்ளும்போது அவள் இந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஏழு முழுசாக வந்தன. எட்டாவது பாதியில் கிழிந்தது. அதற்குமேல் கட்டையில் ஒரு கீறல்தான் மிச்சம். ஏழு போதும் என்று மேடமே சுரண்டி, கடைசிச் சீவலைச் சாயம் போட்டுப் பார்த்த பிறகே பார்சலை மூடினார்.

பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்து அவளையே நிரப்பச் சொன்னார். தவறு என்ன, எப்போது, காரணம் என்ன. காரணம் என்ற கட்டத்தில், 'வேறு மெஷினில் வெட்டியதால் திசை மாறியது. சரிபார்க்கவில்லை' என்று எழுதினாள்.

"வீட்டுக்கு நாளைக்கு டாக்டர் கூப்பிட்டுச் சொல்வார். நீங்க போகணும்னு இல்ல" என்றார் மேடம். அதைப் பிடித்துக்கொள்ளலாமா என்று சாயங்காலம் வரை நினைத்தாள். பஸ் ஸ்டாப்பில் தன் வீட்டுப் பக்கம் போகும் பஸ்கள் இரண்டை விட்டாள். மூன்றாவதாக வந்த மகள் வீட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

எல்லோரும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னாள். தான் வெட்டியது, தலைமாற்றி அள்ளியது, நல்ல ஈரலைச் சுரண்டி அனுப்பியது, பார்க்காமலே பார்த்தேன் என்றது, ஐந்து நாள் சொல்லாமல் இருந்தது. வந்த முடிவுக்கும் நோய்க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்னும் இரண்டு வாரத்தில் சரியான முடிவு வரும்.

மாப்பிள்ளை எழுந்து ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான். மகள் தரையைப் பார்த்தாள். சம்பந்தி மட்டும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "அப்ப அந்த ஈரல் நல்ல ஈரலா?" என்று கேட்டார்.

"நல்ல ஈரல்ங்க. மேடமே பார்த்தாங்க. குடிச்சுக் கெட்டதுக்கு அடையாளமே அதுல இல்ல."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தியம்மாவின் கை தன் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே போனது. பேசியபோது இவளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"துண்டு மாறிப்போச்சு, சரி. கை தவறும். அன்னைக்கு அடுப்படியில நான் கேட்டேனே, குடிக்கறவங்களுக்குத்தான் வருமான்னு. பெரும்பாலும்னு இழுத்தீங்களே. அது எதுல சேர்த்தி?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. தெரியாது என்று சொல்லலாம். களைப்பில் வாயில் வந்தது என்று சொல்லலாம். இந்த ஒரு வாரத்தில் சொன்ன பொய்களுக்கு மேல் இன்னொன்று வைக்க இடமில்லாமல் போயிருந்தது.

"கல்யாணத்துல கறிக்கடைன்னு சொன்னாருல்ல. அதாங்க."

யாருக்கும் உடனே புரியவில்லை. சம்பந்திக்கும் புரியவில்லை. அவர் அதை மறந்தே போயிருந்தார். நெற்றியைச் சுருக்கித் தேடுவது தெரிந்தது. பிறகு கிடைத்தது.

"அடக் கடவுளே" என்றார். "எட்டு வருஷமாச்சே அது."

"ஆமாங்க."

"அதுக்காகவாம்மா?" என்றாள் மகள். அவ்வளவு மெதுவாக மகள் பேசி அவள் கேட்டதில்லை. வாசல் வரை வந்தாள். போயிட்டு வாம்மா என்று சொல்லாமல் கதவைச் சாத்தினாள்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பெருங்குடல். அது தெரிந்த பிறகு மறுபடி குழாய் விட்டுத் தேடியதில், வளைவில் ஒரு மடிப்புக்குப் பின்னால் பயறு அளவில் இருந்தது. முதல் தடவை கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. இதற்கென்று மருந்து இருக்கிறது, கட்டி சுருங்க வாய்ப்பு உண்டு, காலம் கிடைக்கும் என்றார்.

முதல் மருந்து ஏற்றிக்கொண்ட அன்று சம்பந்தி கையில் பிளாஸ்திரியோடு லேப் வாசலில் வந்து நின்றார். தனியாகத்தான் வந்திருந்தார். அவள் ஓர மேசையில் கட்டைகளை எண் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க, மெஷின்ல காணோம்?"

"ஆறு மாசத்துக்கு அடுக்கற வேலைதாங்க."

"ம்." அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மெஷின்கள், நீராவி வரும் தொட்டி, மெழுகு நாற்றம். "இதுவா உங்க இடம். நான் என்னமோ நினைச்சுக்கிட்டிருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புதான் சம்பந்தியம்மா. வாய் சும்மா இருக்காது எனக்கு."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம், பேசாமலே போயிருக்கலாம். இப்போது இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அவள் கையிலிருந்த கட்டையின் ஓரத்தை நகத்தால் வழித்தாள்.

"என்னுது எது? இருக்கா?"

இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெழுகுக்குள் பழுப்பாக ஒரு கீறல். அவ்வளவுதான் மிச்சம்.

"இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார். "எந்தப் பக்கம் அது? எந்தப் பக்கம் நல்லது?"

அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே காட்டுவாள். விரல் கட்டையின் மேல் வரை போய் நின்றது.

"கொஞ்சம் இங்க வாங்க" என்று இடக்கையைக் கூப்பிட்டாள். "நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."